எரியா... ஏரியா?

இந்த வாரம் ஒரு சின்னப் புதிரோடு ஆரம்பிக்கலாமா?

‘எரி’ என்றால் தீ. ‘ஏரி’ என்றால் தண்ணீர் நிறைந்த நீர்நிலை. ஒன்றுக்கொன்று நேர் எதிர்! ஆனால், பழைய ஓலைச்சுவடியில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஏன் தெரியுமா?

அந்தக் காலத்தில் பனையோலையில் எழுத்தாணியால் கீறித்தான் எழுதினார்கள். அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும். அதனால் பெரும்பாலும் புள்ளியே வைப்பதில்லை. எழுதியிருப்பது ‘க’வா, ‘க்’கா என்று படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தொல்காப்பிய விதிப்படி எ, ஒ என்ற குறில்களுக்குத் தலையில் புள்ளி இருக்கும்; நெடிலுக்கு இருக்காது. ஓலையில் அந்தப் புள்ளியும் காணாமல் போனதால், குறிலும் நெடிலும் ஒன்றாகிவிட்டன!

இன்று நாம் ஏ, ஓ என்று தனித்தனியாக எழுதுகிறோம். ‘கே’வுக்கு இரட்டைக்கொம்பு போடுகிறோம். இந்தச் சீர்திருத்தத்தைச் செய்த பெருமை வீரமாமுனிவருக்குத் தரப்படுகிறது. 1680-ல் இத்தாலியில் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ் கற்றவர் அவர். ‘பரமார்த்த குரு கதை’ எழுதியவரும் அவர்தான்.

சரி, அதற்கு முன்பே எழுதிய ஓலைகள்? அவை புள்ளி இல்லாமலேதான் பரண்களில் கிடந்தன. அப்படியே விட்டால் கரையான் தின்றுவிடும். அவசரப்பட்டுத் தப்பாகப் படித்தாலோ, புலவர் சொன்ன பொருளே மாறிவிடும். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகப் போய்ச் சுவடிகளைத் தேடினார். ஒரே நூலின் பல பிரதிகளை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார். சீவக சிந்தாமணி 1887-லும், சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும் அவர் பதிப்பில் அச்சாகின. அவரைத் ‘தமிழ்த் தாத்தா’ என்று கொண்டாடுவது சும்மா இல்லை!

சென்னை மெரினா பக்கம் போனால், வீரமாமுனிவர் சிலையையும், எதிரே மாநிலக் கல்லூரி வளாகத்தில் தமிழ்த் தாத்தா சிலையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்போது உங்கள் முறை. இந்த ஓலையைப் படியுங்கள்:

‘அரசர கொடடை கடடினார’

‘கொட்டை’யா, ‘கோட்டை’யா? கொட்டையை யாராவது கட்டுவார்களா? பக்கத்துச் சொல்லைப் பார்த்ததுமே பதில் கிடைத்துவிட்டது அல்லவா! தமிழ்த் தாத்தாவும் இப்படித்தான் யோசித்தார், ஆயிரக்கணக்கான வரிகளுக்கு.

புள்ளியே வைக்காமல் ஒரு வரி எழுதி, வீட்டில் தாத்தா பாட்டியிடம் நீட்டுங்கள். யார் முதலில் படிக்கிறார்கள், பார்க்கலாம்!