எத்தனுக்கு எத்தன்



என்னிடம் ஒரு பலவீனம் உண்டு. எத்தர்கள் கதை என்றால் எனக்கு உயிர்! அதுவும், ஊரை ஏமாற்றிப் பிழைக்கும் பெரிய மோசக்காரனை, அவனைவிடக் கெட்டிக்காரர்கள் சிலர் கூடி ஏமாற்றி, அவன் பறித்த பணத்தை உரியவர்களிடம் சேர்க்கும் தொலைக்காட்சித் தொடர் என்றால், சோறு தண்ணீர் வேண்டாம் எனக்கு.

பிரிட்டனில் 2004 முதல் 2012 வரை ஒளிபரப்பான 'ஹசில்', அமெரிக்காவில் 2008இல் தொடங்கிய 'லெவரேஜ்', 2009இல் தொடங்கிய 'ஒயிட் காலர்' ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. 'லெவரேஜ்' தொடரில் ஐந்து பேர். காப்பீட்டு நிறுவனத்தில் துப்பறிவாளராக இருந்தவர் ஒருவர் தலைவர். வேடம் போடுவதில் வல்ல ஒரு பெண், பூட்டுகளைத் திறக்கும் ஒரு திருடி, ஒரு கணினி நிபுணர், கைச்சண்டையில் தேர்ந்த ஒருவர் ஆகியோர் மற்றவர்கள். பெரும் பணக்காரர்களால் வஞ்சிக்கப்பட்ட எளியவர்கள் இவர்களிடம் வந்து முறையிடுவார்கள். பிறகு நடப்பது எத்தனுக்கு எத்தன் ஆட்டம்!

இது நமக்குப் புதிதன்று. தோட்டத்தில் திருடர்கள் பதுங்கியிருப்பதை அறிந்த தெனாலிராமன் என்ன செய்தான்? நகைப்பெட்டியைக் கிணற்றில் போடுவதாகச் சத்தமாகச் சொல்லிவிட்டு, கல் நிரப்பிய பெட்டியைப் போட்டான். திருடர்கள் விடிய விடியக் கிணற்று நீரை இறைத்தார்கள். தோட்டம் முழுவதும் செலவில்லாமல் நீர் பாய்ந்தது. அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தவர்கள்தாமே நாம்?

இந்தத் தொடர்களில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கடைசி ஐந்து நிமிடங்கள். அதுவரை நாம் பார்த்த காட்சிகளையே மீண்டும் காட்டுவார்கள். பெட்டி எப்போது மாற்றப்பட்டது, தொலைபேசியில் பேசியது யார் என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கும். "அட, கண்முன்னால்தானே நடந்தது, நாம் கவனிக்கவில்லையே!" என்று நெற்றியில் அடித்துக் கொள்வோம். வகுப்பில் ஒரு சோதனையின் காரணம் பிடிபடும் நொடியில் உண்டாகும் மகிழ்ச்சியும் இதே மகிழ்ச்சிதான்.

'லெவரேஜ்' என்ற சொல்லுக்கு நெம்புகோலின் ஆற்றல் என்று பொருள். நம் ஊர்களில் ஒரு காலத்தில் இருந்த ஏற்றமும் ஒரு நெம்புகோலே. நடுவில் ஓர் ஆதாரப் புள்ளி இருந்தால் சிறிய விசையால் பெரிய பாரத்தைத் தூக்கிவிடலாம். எத்தனும் அப்படித்தான் செய்கிறான். அவன் கைக்கொள்ளும் ஆதாரப் புள்ளி எது தெரியுமா? நம்முடைய நம்பிக்கை!

கலசம் அரிசியை இழுத்ததாம்!

இனி, தொடரை விட்டு எங்கள் ஊருக்கு வாருங்கள். வெண்ணாற்றங்கரையில் ஒரு சிற்றூர். அங்கே என் மாமா நெல் பயிரிடுகிறார். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எந்த ஆண்டும் அந்த நாளில் அணை திறக்கவில்லை. குறுவை பொய்த்த அப்படியோர் ஆண்டில், பெண்ணின் திருமணக் கடன் கழுத்தை நெரித்துக் கொண்டிருந்தபோது, இரண்டு பேர் மாமாவைத் தேடி வந்தார்கள்.

அவர்களிடம் பழைய செம்புக் கலசம் ஒன்று இருந்தது. கோயில் கோபுரத்தில் இருந்தபோது அதன்மேல் இடி விழுந்ததாம். அதனால் செம்பு இரிடியமாக மாறிவிட்டதாம். அதற்கு அரிசியை இழுக்கும் சக்தி வந்துவிட்டதாம். வெளிநாட்டு விண்வெளி நிறுவனம் பல கோடி கொடுத்து வாங்கக் காத்திருக்கிறதாம். சோதனைச் செலவுக்கு மட்டும் மூன்று லட்சம் தேவை என்றார்கள். தட்டில் அரிசியைப் பரப்பிக் கலசத்தை அருகே கொண்டு வந்தார்கள். மாமாவின் கண்ணெதிரே அரிசி நகர்ந்து போய் ஒட்டிக் கொண்டது!

பிறகு நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். பணம் போயிற்று, ஆட்களும் போனார்கள்.

'ரைஸ் புல்லிங்' என்று நாளிதழ்களில் அடிபடும் மோசடி இதுதான். 2014இல் வெளிவந்த 'சதுரங்க வேட்டை' திரைப்படத்திலும் இது வருகிறது. சிற்றூர்க்காரர்கள் மட்டுமே ஏமாறுகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். விண்வெளி வீரர்போல் உடையணிந்து, நாசாவின் பெயரைச் சொல்லி, டெல்லி வணிகர் ஒருவரிடம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பறித்த தந்தையும் மகனும் 2018இல் கைதானார்கள்.

தந்திரம் எங்கே?

தொடரின் கடைசி ஐந்து நிமிடங்களை இப்போது நாமே ஓட்டிப் பார்ப்போமா?

இரிடியம் மெய்யான ஓர் உலோகம். 1803இல் ஸ்மித்சன் டென்னன்ட் என்ற ஆங்கில வேதியியலார் அதைக் கண்டுபிடித்தார். டைனோசர்கள் மறைந்த காலத்தைச் சேர்ந்த மண் படிவங்களில் இரிடியம் மிகுந்திருப்பதைக் கண்டுதான், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் பூமியைத் தாக்கியிருக்க வேண்டும் என்று ஆல்வரெஸ் குழுவினர் 1980இல் அறிவித்தார்கள். இவ்வளவு பெருமை உடைய இரிடியத்துக்கு, அரிசியை இழுக்கும் குணம் மட்டும் கிடையாது!

சாதாரணக் காந்தத்தில் இரிடியம் ஒட்டாது. அரிசியோ பெரும்பாலும் மாவுப்பொருள். அதையும் காந்தம் இழுக்காது. ஆனால் அரிசியின்மேல் நுண்ணிய இரும்புப் பொடியைப் பூசி, கலசத்துக்குள் காந்தத்தை ஒளித்து வைத்தால்? அரிசி தாவி ஒட்டிக் கொள்ளும்! இழுப்பது காந்தம், இழுபடுவது இரும்பு. நடுவில் மாட்டிக் கொண்டது அரிசி, அதனோடு மாமாவும்.

இடி விழுந்து செம்பு இரிடியமாகுமா? செம்பின் அணு எண் 29. இரிடியத்தின் அணு எண் 77. செம்பை இரிடியமாக்க ஒவ்வோர் அணுக்கருவிலும் 48 புரோட்டான்களைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். மின்னல் கலசத்தைச் சூடாக்கும், உருக்கும், துளையிடும். இந்த வேலை அதனால் ஆகாது. சந்தேகம் தீர எடை போட்டுப் பார்த்தாலும் போதும். செம்பு நீரைப்போல் சுமார் 9 மடங்கு அடர்த்தி உடையது. இரிடியம் சுமார் 22.5 மடங்கு. அந்தக் கலசத்தின் எடையையும், அது நீரில் மூழ்கும்போது வெளியேற்றும் நீரின் அளவையும் கண்டால், ஒன்பதாம் வகுப்பு மாணவரே உண்மையைச் சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் நான் சொன்னபோது மாமா கேட்டார்: "இவ்வளவு படிப்பு எனக்கு ஏதுடா தம்பி? அன்றைக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும்?"

நான் யோசித்துப் பார்த்தேன். படிப்பே வேண்டியதில்லை. "கொஞ்சம் இருங்கள்" என்று உள்ளே போய், பத்தாயத்திலிருந்து நெல் எடுத்துக் குத்திய நம் வீட்டு அரிசியில் ஒரு பிடி கொண்டு வந்து, "இதை இழுக்கட்டும், பார்ப்போம்" என்று சொல்லியிருந்தால் போதும்!

நண்பர்களே, நெல்லுக்குப் பெயர்போன தஞ்சைச் சீமையில், தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த ஒரு வீட்டுக் கூடத்தில், அரிசியும் வந்தவர்களுடையது, கலசமும் வந்தவர்களுடையது! சோதனைப் பொருளைச் சோதிப்பவரே கொண்டுவர வேண்டும் என்ற இந்த ஒரு விதியை மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள்.

மெய்யான கதாநாயகர்கள்

தொலைக்காட்சியில் வரும் எத்தனுக்கு எத்தர்கள் மெய்யாகவே உண்டா? உண்டு என்பேன்.

கேரளத்தில் 1898இல் பிறந்தவர் ஆபிரகாம் கோவூர். இலங்கைக்குச் சென்று, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர். ஏமாற்ற இடமில்லாத சூழலில் அற்புதம் நிகழ்த்திக் காட்டுவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறைகூவல் விடுத்தார். முத்திரையிட்டு மூடிய ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்வது அவர் கேட்ட அற்புதங்களுள் ஒன்று. கவனித்தீர்களா? நோட்டும் அவருடையது, உறையும் அவருடையது! 1978இல் அவர் மறையும் வரை அந்தப் பரிசை யாரும் பெறவில்லை.

அவர் வழியில் வந்தவர் பிரேமானந்த். கோவையை அடுத்த போத்தனூரில் வாழ்ந்து 2009இல் மறைந்தார். ஊர் ஊராகச் சென்று, போலிச் சாமியார்கள் செய்யும் வித்தைகளைத் தாமே செய்து காட்டி, உடனே அதன் காரணத்தையும் விளக்குவார். அலுமினியத்தின்மேல் ஒரு பாதரச உப்பு பட்டால், உலோகம் காற்றோடு சேர்ந்து சூடேறி, சாம்பல்போல் பொடி பூக்கும். கையில் 'விபூதி விளையும்' வித்தை இதுவே. (பாதரச உப்பு கொடிய நஞ்சு, இதை நீங்கள் செய்யவே கூடாது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கும் ஆரத்தித் தட்டே உங்களுக்குப் போதுமான வித்தை.)

தொடரில் வரும் எத்தர்களைவிட இவர்கள் எனக்கு ஒரு படி மேலாகத் தெரிகிறார்கள். தொடரில் தந்திரத்தின் காரணம் நமக்குத் தெரியும். அந்தக் கதையில் வரும் ஊருக்குத் தெரியாது. அடுத்த வாரம் இன்னொருவர் ஏமாந்து வந்து நிற்பார். கோவூரும் பிரேமானந்தும் தந்திரத்தை ஊருக்கே சொல்லிக் கொடுத்தார்கள். காரணம் தெரிந்துவிட்ட வித்தையை வைத்து அந்த ஊரில் பிழைக்க முடியுமா?

எனக்கு உள்ள ஒரு சண்டை

இத்தனை ஆசையோடு பார்க்கும் தொடர்களோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. 'ஹசில்' தொடரில் அடிக்கடி ஒன்று சொல்வார்கள்: நேர்மையானவனை ஏமாற்ற முடியாது, பேராசைக்காரன் மட்டுமே ஏமாறுவான் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உண்மையன்று.

கும்பகோணத்துக்கு அருகே சிவபுரம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1951இல் மண்ணுக்கடியிலிருந்து சோழர் காலத்து நடராசர் திருமேனி கிடைத்தது. கோயிலில் சேர்த்த பிறகு, பழுது பார்ப்பதற்காக அதை வெளியே அனுப்பினார்கள். திரும்பி வந்தது போலி! மூலத் திருமேனி கைமாறிக் கைமாறி அமெரிக்கா சென்று, 1973இல் 9 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. கோயிலில் இருப்பது மாற்று உரு என்பதை, பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் 1965இலேயே தம் நூலில் எழுதியிருந்தார். மெழுகில் உரு செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றி, பிறகு அச்சை உடைத்துத்தான் அந்தத் திருமேனிகளை வார்த்தார்கள். உடைந்த அச்சில் இரண்டாவது வார்ப்பு இல்லை. ஆகவே போலியைப் புதிதாகத்தான் செய்தாக வேண்டும்; தேர்ந்த கண் வேறுபாட்டைக் கண்டுகொள்ளும். இந்திய அரசு வழக்குத் தொடுத்து, 1976இல் உடன்பாடு கண்டு, 1986இல் நடராசர் நாடு திரும்பினார்.

சொல்லுங்கள், சிவபுரத்து மக்களுக்கு என்ன பேராசை? தங்கள் சாமியின் பழுதை நீக்க விரும்பியதா பேராசை? நம்பினார்கள், அவ்வளவுதான்.

'ஆசைப்பட்டான், ஏமாந்தான்' என்ற சொல் இருக்கிறதே, எத்தனுக்கு அதைவிட நல்ல காவல் வேறில்லை. அந்தச் சொல்லுக்கு அஞ்சி என் மாமா இரண்டு ஆண்டுகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை, போலீஸாரிடமும் போகவில்லை. அதற்குள் அதே கலசம் இன்னும் எத்தனை வீட்டு வாசலில் இறங்கியதோ! இன்று 'டிஜிட்டல் கைது' என்று காணொளியில் மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கும் அதே வெட்கமும் அச்சமும்தான் துணை. அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. உங்கள் வீட்டில் யாராவது இணையவழியில் பணத்தை இழந்தால், திட்டாதீர்கள், சிரிக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்க உதவுங்கள். விரைந்து சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

அப்படியானால் யாரையுமே நம்பக் கூடாதா? அப்படி நான் சொல்ல மாட்டேன். மேல்மடைக்காரர் நமக்கும் நீர் விடுவார் என்ற நம்பிக்கையில்தான் கடைமடையில் நாற்று விடுகிறோம். நம்பிக்கை இல்லாமல் ஒரு போகம்கூட விளையாது. நம்புங்கள்; ஆனால் உங்கள் வீட்டு அரிசியைக் கொண்டு சோதித்துவிட்டு நம்புங்கள். நேர்மையானவர் அதற்காகக் கோபித்துக் கொள்ள மாட்டார்.

என் மாமா இப்போது மாறிவிட்டார். உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று அவர் சட்டைப்பையில் இருக்கிறது. கொஞ்சம் இரும்புப் பொடியும் அரிசியும் ஒரு பொட்டலத்தில். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, "இப்படித்தானய்யா என்னை ஏமாற்றினான்" என்று எல்லாருக்கும் செய்து காட்டுகிறார். நான் தொலைக்காட்சியில் பார்த்த எந்த எத்தனைவிடவும் அவர் கெட்டிக்காரர்.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். முதலில் பூச்சு உள்ள அரிசி. அடுத்து வீட்டு அரிசி. சோதனை முடிந்ததும் அந்த அரிசியைச் சமையலுக்குப் பயன்படுத்தாதீர்கள். காரணத்தை மட்டும் தெருவில் நாலு பேருக்காவது சொல்லிவிடுங்கள்!