நடந்து வருபவர்களுக்கான மலை

மே மாதத்துச் சனி, ஞாயிறுகளில் டவுனில் செய்ய வேண்டிய வேலைகளைக் கோத்தகிரிக்காரர்கள் காலையிலேயே முடித்துவிடுவோம். சீசன் நாட்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுகிறார்கள். ஊட்டியைப் பார்த்து முடித்த கூட்டம் மொத்தமும் எங்கள் ஊருக்குள் புகுந்துதான் கீழே இறங்கியாக வேண்டும். மதியத்துக்கு மேல் பஸ் நிலையத்தைத் தாண்டவே நெடுநேரம் ஆகிவிடும். தேயிலை மூட்டை ஏற்றிய பிக்கப்பும், மண்டிக்குப் போகும் கேரட் லாரியும், பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை ஏற்றிக்கொண்டு கோவைக்குப் புறப்பட்ட ஆம்புலன்ஸும் அதே வரிசையில்தான் நிற்கின்றன.

இந்த நெரிசலைப் பார்த்துத்தான் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு சீசனுக்கு எண்ணிக்கையையும் வகுத்தார்கள். நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. டிஎன் 43 பதிவெண் உள்ள எங்கள் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் கட்டுப்பாடு இல்லை. இந்த எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை எதிர்த்து 2025 ஏப்ரல் 2 அன்று மாவட்டம் முழுக்கக் கடையடைப்பு நடந்தது. இரண்டு தரப்பின் பேச்சையும் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். வர்க்கி விற்பவருக்கும், காட்டேஜ் நடத்துபவருக்கும், டாக்சி ஓட்டுபவருக்கும் வருஷத்து வருமானமே சீசனின் இரண்டு மாதங்கள்தான். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் கட்டுப்பாடு வேண்டும் என்பதுதான் என் கட்சி. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டி, மாவட்டமெங்கும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள், இந்தச் சரிவு எந்தப் பாரத்தையும் தாங்கும் என்று பேசமாட்டார்கள்.

என் மனக்குறை வேறு. வாசலில் வண்டிகளை எண்ணுகிறோம். உள்ளே வந்தவர் இந்த மலையில் என்ன செய்கிறார் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காலையில் தாவரவியல் பூங்கா, மதியம் படகு இல்லம், மாலையில் தொட்டபெட்டா, இரவே இறக்கம். பாதிப் பொழுதும் கார் கண்ணாடிக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. செலவழித்த பணத்துக்கு அவருக்கு மலை கிடைக்கவில்லை. வந்துபோன சுவடாக எங்களுக்குக் கிடைப்பது புகையும் குப்பையும்தான்.

வேறு விதமாகவும் இங்கே வரலாம். டவுனிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே இருக்கிறது லாங்வுட் சோலை. பரப்பு 116 ஹெக்டேர்தான். ஒருகாலத்தில் விறகுக்காக வெட்டு வாங்கி நைந்துபோன காடு அது. உள்ளூர்க்காரர்கள் கண்காணிப்புக் குழு அமைத்து, வனத்துறையோடு சேர்ந்து அதை மீட்டார்கள். சுற்றியுள்ள பல கிராமங்களுக்கு இன்று குடிநீர் கொடுப்பது அந்தச் சோலைதான். நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை முதல் பெரிய மலையணில் வரை அங்கே குடியிருக்கின்றன. அரசின் மலையேற்றப் பாதைகளில் அதுவும் ஒன்று.

அந்தப் பாதைகளுக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். காய்ந்த புல் நெஞ்சுயரம் நிற்கும் மார்ச் மாதத்தில், எந்தச் சரிவில் தீ எப்படி ஏறும் என்று அறிந்தவர்கள் போதுமான அளவில் உடன் இல்லாமல் கூட்டமாகப் போனால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு அன்றைக்குத் தெரிந்துகொண்டது. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை, ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. முன்பதிவு செய்துகொண்டுதான் போக முடியும். பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார். அந்த வழிகாட்டிகள் பழங்குடிக் கிராமங்களையும் காட்டோரக் கிராமங்களையும் சேர்ந்தவர்கள். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஒரு ஜனவரிக் காலையில் லாங்வுட்டுக்குள் நடந்தேன். திருப்பூரிலிருந்து ஒரு குடும்பமும் அந்தக் குழுவில் இருந்தது. அப்பா, அம்மா, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பையன். வழிகாட்டியாக வந்தவர் இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் இளைஞர். சோலைக்குள் நுழைந்ததுமே வெயில் போய்விட்டது. மரங்கள் உயரமில்லை. ஆனால் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்பதால் கீழே எப்போதும் ஈரம். “தண்ணி எங்கண்ணா இருக்கு? அருவியே காணோமே” என்றான் பையன். இளைஞர் சிரித்துக்கொண்டே, பாதையோரம் விழுந்து கிடந்த கிளையிலிருந்து ஒரு பிடி பாசியை உரித்து அவன் உள்ளங்கையில் வைத்தார். “பிழிஞ்சு பாரு.” மழை நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது. பையனின் விரல் இடுக்குகளில் தண்ணீர் வழிந்து முழங்கை வரை ஓடியது. “இந்த மரம் பூரா இருக்குதே, இதெல்லாம் பனிமூட்டத்த புடிச்சு வெச்சுக்கும். அப்புறம் இலைக்குப்பை, அதுக்கடியில மண்ணு. மார்ச் மாசம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா விடும்” என்றார் அவர். பையன் பாசியைக் கீழே போடவில்லை. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து அழுத்தினான். யாரும் அவனுக்கு அதைச் சொல்லவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் இளைஞர் சட்டென்று கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். புதருக்குப் பின்னால் ஒரு காட்டுமாடு. வெள்ளை சாக்ஸ் போட்டதுபோன்ற கால்கள்தான் முதலில் கண்ணில் பட்டன. பையனின் அப்பா செல்போனைத் தூக்கிக்கொண்டு முன்னே நகர்ந்தார். “சார், வேண்டாங்க. அது நம்மள அப்பவே பாத்துருச்சு. அதுவா போகட்டும்” என்று இளைஞர் தாழ்ந்த குரலில் சொன்னார். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ அப்படியே நின்றோம். அது போனது. இதே மனிதர் சாலையோரம் காரை நிறுத்தி இதே விலங்கைப் பார்த்திருந்தால், ஹாரன் அடித்திருப்பார், பிஸ்கட் பாக்கெட்டை வீசியிருப்பார். எங்கள் சாலைகளில் நிதமும் நடப்பது அது.

மலையை அறிந்த ஒருவர் பின்னால் நடந்து போகிறவர், அவர் சொல்வதைக் கேட்கிறார். இ-பாஸ் எண்ணிக்கையால் இதைச் செய்ய முடியாது.

உள்ளூர்ச் செய்திகளுக்கு வருவோம். கோத்தகிரிப் பக்கம் கரடி புகாத வாரம் அபூர்வம். கோயில் விளக்கு எண்ணெய்க்காகக் கதவை உடைக்கிறது, பேக்கரிக்குள் நுழைகிறது, ரேஷன் கடையில் சர்க்கரை மூட்டையைப் பிரிக்கிறது. இரவில் கேமராவில் பதிவான படம் மறுநாள் காலையில் எல்லார் போனிலும் சுற்றுகிறது. கரடிக்கு ஊர் ருசி பழகிவிட்டது என்பார்கள். பழக்கியது யார்? விடுதிகளின் பின்பக்கம் கொட்டப்படும் மிச்சச் சோறும் பழக்கழிவும்தான். இன்னொரு காரணத்தைச் செய்திகளில் அதிகம் காண்பதில்லை. பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியான விலை இல்லை. 2023 செப்டம்பரில் நட்டக்கல்லில் சிறு விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தது இதற்காகத்தான். பறிப்புக் கூலிக்கே விலை பத்தாதபோது தோட்டத்தைக் கவாத்து செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டே வருஷத்தில் தேயிலை ஆளுயரம் வளர்ந்து, உண்ணிச்செடியும் சேர்ந்துகொண்டு, கரடி படுப்பதற்கு வாகான புதராகிவிடுகிறது. அப்படி விட்டுவிட மனமில்லாதவர் காட்டேஜ் கட்ட விற்றுவிடுகிறார். காட்டேஜ் வந்தால் குப்பை வரும், குப்பை வந்தால் கரடி வரும், காட்டேஜை நிரப்ப இன்னும் வண்டிகள் வரவேண்டும். இலை விலை, கரடி, கார் வரிசை என்று தனித்தனியாகப் படிக்கிற மூன்று செய்திகளும் ஒரே செய்திதான்.

அதனால்தான் வழிகாட்டி வேலையை நான் பெரிதாக நினைக்கிறேன். ஒரு படகர் ஹட்டியிலோ இருளர் ஊரிலோ பத்துப் பேருக்கு மலையேற்றப் பாதையிலிருந்து சரியான வருமானம் வந்தால், காடு காடாக இருப்பதில் அந்தப் பத்து வீடுகளுக்கும் நேரடியான பிடிப்பு உண்டாகிவிடும். கோத்தகிரிக்குக் கிழக்கே கரிக்கையூர் காட்டில் பொறிவரை என்ற பாறை முகப்பு இருக்கிறது. பழங்கால ஓவியங்கள் நிறைந்த இடம். கட்டுப்பாடு இல்லாமல் ஆட்கள் வந்துபோன காலத்தில் அந்த ஓவியங்களைக் கிறுக்கியும் சுரண்டியும் பாழாக்கியிருக்கிறார்கள். இப்போது கரிக்கையூர் - பொறிவரையும் அரசுப் பாதைகளில் ஒன்று. உள்ளூர் வழிகாட்டியோடுதான் போக முடியும். கம்பிவேலி போட்டிருந்தால் அது பாறையை மட்டும்தான் காத்திருக்கும். தன் பாட்டன் தேன் எடுத்த பாறை என்று சொல்லிக் காட்டுகிற ஒருவர் பக்கத்தில் நின்றால், கையில் ஆணி வைத்திருப்பவனுக்கும் கூச்சம் வரும்.

ஆனாலும் நடைமுறையில் சில சங்கடங்கள் இருக்கின்றன. பாதையின் முகப்பு வரை எல்லாரும் காரில்தான் வருகிறார்கள். கோவையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் கல்லூரி மாணவருக்கு லாங்வுட் போக ஆட்டோதான் கதி. காலை ஏழு மணிக்கு டவுனிலிருந்து ஒரு மினி பஸ் விட்டால் போதும். நடக்க வருகிறவர் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம் என்று துணிவார். பஸ்ஸில் வருபவருக்குக் கட்டணத்தில் சலுகை கொடுத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது வழிகாட்டிகளின் கை காயும் மாதங்கள். தீ அபாயம் கருதி, 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை பாதைகளை மூடினார்கள். குரங்கணிக்குப் பிறகு அதில் விவாதத்துக்கே இடமில்லை, மூடத்தான் வேண்டும். ஆனால் அந்த இரண்டு மாதமும் வழிகாட்டியின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அவர்களில் பலர் மறுபடியும் தேயிலை பறிக்கவோ, மேட்டுப்பாளையத்தில் மூட்டை தூக்கவோ போய்விடுகிறார்கள். அதே இரண்டு மாதங்களில்தான் வனத்துறைக்குத் தீத்தடுப்புக் கோடு வெட்டவும், புல்வெளிகளைக் கண்காணிக்கவும், புகை கண்டால் முதலில் ஓடவும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். ஒவ்வொரு சரிவும் மடிப்பும் காலுக்குப் பழகிய ஆட்களாகப் பயிற்சியோடு கையில் இருக்கிறார்கள். பாதை மூடிய நாளிலேயே அவர்களைத் தீக்காவலர்களாக மாதச் சம்பளத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த பிப்ரவரிக்குள் இதற்கு ஓர் ஆணை வரவேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தையும் வனத்துறையையும் கேட்டுக்கொள்கிறேன்.