பூ தெரியும்போது பயிர் போயிருக்கும்: ஆப்பிரிக்க விவசாயிகளை வாட்டும் 'ஸ்ட்ரைகா' களை... தீர்வு என்ன?

மேற்கு கென்யாவின் மக்காச்சோள வயலில் சின்னச் சின்ன ஊதாப் பூக்கள் தெரிந்தால் விவசாயிக்கு வயிறு கலங்கும். அது ஸ்ட்ரைகா என்ற ஒட்டுண்ணிக் களை. மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு என ஏழைகளின் சாப்பாட்டில்தான் கை வைக்கிறது. இதன் உறவுக்கார வகை ஒன்று தமிழ்நாட்டிலும் உண்டு. இங்கே பெயர் சுடுமல்லி.

களைதானே, பிடுங்கிப் போட்டால் என்ன?

பிடுங்கலாம். ஆனால் அது ரொம்ப லேட். ஸ்ட்ரைகா மண்ணுக்கு அடியிலேயே பயிரின் வேரில் ஒட்டி, தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சிவிடும். வெளியே தலைகாட்டும்போது பெரும்பகுதி சேதம் முடிந்திருக்கும். ஒரே செடி பல ஆயிரம் விதைகளைக் கொட்டும். தூசி மாதிரி இருக்கும் அவை, 10 ஆண்டுகளுக்கு மேல்கூட மண்ணில் உயிரோடு காத்திருக்கும்.

எதற்காகக் காத்திருக்கின்றன?

ஒரு சிக்னலுக்காக. மண்ணில் பாஸ்பரஸ் சத்து குறைந்தால், பயிரின் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற வேதிப்பொருளை அதிகம் கசியவிடும். நன்மை செய்யும் பூஞ்சைகளை உதவிக்குக் கூப்பிடும் குரல் அது. அதை ஒட்டுக்கேட்டுத்தான் ஸ்ட்ரைகா விதை முளைக்கிறது. அதனால் சத்தில்லாத மண்ணில் களை அதிகம், விளைச்சல் குறைவு. உரம் வாங்கக் காசு இருக்காது. மண் இன்னும் மோசமாகும்.

அமெரிக்கா எப்படித் தப்பித்தது?

1956-ல் வடக்கு, தெற்கு கரோலினா மாகாணங்களில் ஸ்ட்ரைகா கண்டுபிடிக்கப்பட்டது. மண்ணுக்குள் எத்திலீன் வாயுவைச் செலுத்தினார்கள். விதைகள் ஏமாந்து முளைத்து, ஒட்டிக்கொள்ள வேர் கிடைக்காமல் செத்தன. அரசுப் பணத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்ததால், களை கிட்டத்தட்ட ஒழிந்தது. கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் ஆப்பிரிக்க விவசாயிக்கு இது கட்டுப்படியாகாது.

அப்போ ஆப்பிரிக்காவில் என்ன செய்கிறார்கள்?

கென்யாவின் இசிபே ஆராய்ச்சி நிறுவனம், 1990-களில் தண்டுத் துளைப்பானைத் தடுக்க மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற தீவனச் செடியை வளர்த்துப் பார்த்தது. ஸ்ட்ரைகாவும் குறைந்தது! டெஸ்மோடியம் வேரிலிருந்து கசியும் பொருட்களில் சில விதையை முளைக்க வைக்கின்றன; வேறு சில, முளைத்தது பயிரின் வேரில் ஒட்டாமல் தடுக்கின்றன. கூடவே மண்ணுக்கு நைட்ரஜன், மாட்டுக்குத் தீவனம்.

இன்னொரு வழி, சிக்னலையே குறைப்பது. அப்படிப்பட்ட சோள ரகங்களை உருவாக்கிய எத்தியோப்பிய விஞ்ஞானி கெபிசா எஜெட்டாவுக்கு 2009-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. கென்யாவில் ஸ்ட்ரைகாவை மட்டும் தாக்கும் ஒரு பூஞ்சையை, வேகவைத்த அரிசியில் வளர்த்து விதைக்குழியில் போடும் முறையும் வந்திருக்கிறது.

பிறகு ஏன் இன்னும் தீரவில்லை?

டெஸ்மோடியம் விதைக்குக் காசு வேண்டும். அது வேர்பிடிக்கும் வரை களையெடுக்க ஆள் வேண்டும். அறுவடைக்குப் பின் மாடுகள் சுதந்திரமாக மேயும் ஊர்களில் செடி மிஞ்சாது. பல ஆண்டுகள் நிற்கும் செடியை, குத்தகை நிலத்தில் யார் நடுவார்கள்?

செலவு முதல் போகத்திலேயே வந்துவிடும். பலன் மெதுவாகத்தான் வரும். அடுத்த வேளைக்கே அந்த வயலை நம்பியிருக்கும் குடும்பத்தால் தனியாக அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. அங்கேதான் விதை மானியமும் கடனும் நில உரிமையும் தேவைப்படுகின்றன.