களப்பு மினுங்குவதைப் பார்ப்போம், இருட்டில் இறங்க வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை இரவில் போட்டுக்கு வேலைக்கு அனுப்பும் வாப்பாமார், உம்மாமார் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

கற்பிட்டியில் வளர்ந்த நமக்குக் களப்புத் தண்ணீர் மினுங்குவது புதினம் இல்லை. நிலவில்லாத இரவில் துடுப்புப் போட்டால் நீலமாக ஒரு கோடு ஓடும். கையைவிட்டு அளைந்தால் விரல் ஐந்தும் தெரியும். "இன்றைக்குத் தண்ணீர் விளங்குது, மீன் வலையைக் கண்டுகொள்ளும்" என்று பெரியவர்கள் பேசாமல் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார்கள். அவர்களுக்கு அது நட்டமான இரவு. இன்று அதே இரவுக்கு ஆட்கள் காசு கொடுத்து வருகிறார்கள். காலம் அப்படி மாறிவிட்டது.

வகுப்பில் பிள்ளைகள் கேட்பதால் விஷயத்தை இங்கேயும் சொல்லிவிடுகிறோம். இது பேயும் இல்லை, பொஸ்பரசும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைக்கல உயிரினங்கள். தண்ணீர் அலையும்போது அவற்றின் உடலுக்குள் லூசிபெரின் என்ற பொருள் ஒட்சிசனோடு சேர்ந்து ஒளி விடுகிறது. ஒரு மினுக்கம் ஏறத்தாழ ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்குதான். தன்னைத் தின்ன வருவதை வெருட்டத்தான் அது மினுங்குகிறது. நாம் பார்த்து ரசிப்பது அதன் பயத்தை.

இப்போது இந்த மினுக்கத்தில் இரவு நீச்சல் என்று டூர் நடக்கிறது. வட்ஸ்அப்பில் போஸ்டர் வருகிறது. இதைச் செய்பவர்கள் மேல் நமக்குக் கோபம் இல்லை. அவர்களும் நம்முடைய பிள்ளைகள்தான். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானபோது எத்தனை வள்ளங்கள் கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டன என்று நமக்குத் தெரியும். வலையில் வராத வருமானம் டூரில் வந்தால் அதைக் கெடுக்க நாம் யார்?

ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன தவணையில் ஒரு காலை, முதலாம் பாடத்தில் ஒரு மாணவன் மேசையில் தலை வைத்துத் தூங்கினான். சாதாரண தரம் எழுத வேண்டிய பிள்ளை. எழுப்பி ஏசினோம். இடைவேளையில் தனியாக வந்து அழுதான். முதல் நாள் இரவு போட்டில் உதவிக்குப் போயிருக்கிறான். எட்டுப் பேர் தண்ணீரில் இறங்கியிருக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் மினுக்கம் தெரியாது என்று டோர்ச்சை அணைத்துவிட்டார்கள். ஏறும் நேரம் குரல் கொடுத்து எண்ணியபோது ஏழு குரல்தான் வந்தது. எட்டாவது ஆள் போட்டின் மறுபக்கத்தில், யாரோ கட்டியிருந்த வலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு பேச்சு வராமல் நின்றிருக்கிறார். கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம்தான் எடுத்ததாம். "சேர், அந்தக் கொஞ்ச நேரம் நான் செத்துட்டேன்" என்றான் பிள்ளை. விடிய சுபஹ் வரை அவனுக்குத் தூக்கம் வரவில்லை. லைஃப் ஜாக்கெட் இருந்ததா என்று கேட்டோம். போட்டில் நாலு இருந்ததாம், யாரும் போடவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததால்தான் ஊரில் யாருக்கும் தெரியாது.

இந்தத் தொழிலின் சிக்கல் இதுதான். மினுக்கத்தைப் பார்க்க இருட்டு வேண்டும். ஆளைக் காப்பாற்ற வெளிச்சம் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. எவ்வளவு நல்ல ஓட்டியாக இருந்தாலும் இருட்டில் தாழும் தலை அவன் கண்ணுக்குத் தெரியாது. களப்பு ஆழமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். ஆழமில்லாத இடத்தில்தான் சேறு காலை இழுக்கும், திருக்கை படுத்திருக்கும், வலை கிடக்கும். 2017 செப்டெம்பரில் அறுகம்பைக்குப் பக்கத்துக் களப்பொன்றில் பிரித்தானிய இளைஞர் ஒருவரை முதலை கொண்டுபோனது, அதுவும் பட்டப்பகலில். ஒவ்வொரு களப்புக்கும் ஒவ்வொரு ஆபத்து இருக்கிறது. இரவில் எந்த ஆபத்தும் கண்ணுக்குத் தெரியாது.

ஊரில் இதைப்பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் வந்தவர்கள் என்ன உடுப்பு உடுத்தார்கள் என்பதிலேயே தொடங்கி அதிலேயே முடிகிறது. நமது ஊரின் ஒழுக்கத்தை அவர்களும் மதிக்க வேண்டும்தான், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் உடுப்புக்காக நூறு கமெண்ட் எழுதிய நாம், ஒரு லைஃப் ஜாக்கெட்டுக்காக ஒரு கமெண்ட் எழுதினோமா? நம் வீட்டுப் பதினாறு வயதுப் பிள்ளை நள்ளிரவில் எட்டு உயிருக்குப் பொறுப்பாக நிற்கிறானே, அதைக் கேட்டோமா? இதில் நாங்களும் குற்றவாளிகள். தூங்கிய பிள்ளையை முதலில் ஏசினோம், பிறகுதான் காரணம் கேட்டோம்.

அடுத்தது களப்பு. புவர்ட்டோ ரிக்கோவின் வியேக்கஸ் தீவில் மொஸ்கிட்டோ வளைகுடா இருக்கிறது. மினுங்கும் கடல்களில் உலகிலேயே மிகப் பிரகாசமானது என்று கின்னஸ் பதிவு பெற்றது. அங்கே 2007 முதல் நீந்துவதற்குத் தடை. உடம்பில் பூசும் சன் கிறீமும் நுளம்பு மருந்தும் தண்ணீரில் கரைந்து அந்தச் சிற்றுயிர்களுக்குக் கேடு செய்யும் என்பது ஒரு முக்கிய காரணம். அதே நாட்டில் லா பர்கேரா என்ற இடத்தில் நீந்த இன்னும் விடுகிறார்கள். எஞ்சின் படகுகளும் கட்டடங்களும் பெருகிய அந்த இடத்தில் மினுக்கம் முன்பைவிட மிகவும் மங்கிவிட்டது.

நீச்சலை நிறுத்தினால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு வியேக்கஸ்தான் பதில். நீச்சல் இல்லாமலே அங்கே உலகமெங்குமிருந்து வருகிறார்கள். அடித்தட்டுக் கண்ணாடிபோலத் தெரியும் சிறு படகில் துடுப்புப் போட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நமது களப்போ அந்த வளைகுடாவைப்போலச் சின்ன வாய் உள்ள குடம் இல்லை. முன்னூறு சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்தது. கலா ஓயாவும் மீ ஓயாவும் வந்து சேரும் இடம். கடற்புல்லும் கண்டலும் இறாலும் நண்டும் அதில்தான். இங்கே மினுக்கம் நாள்தோறும் வருவதில்லை, நினைத்தபோது வரும், போகும். போஸ்டர் போட்டுக் காசு வாங்கியபின் தண்ணீர் மினுங்காவிட்டால் என்ன நடக்கும்? இன்னும் தூரம், இன்னும் இருட்டு, இன்னும் கண்டலுக்குள்ளே என்று எஞ்சினைத் திருப்புவார்கள். வலை வெட்டுப்படும். பிறகு மீன்பிடிக்காரரும் டூர்காரரும் சண்டை பிடிப்பார்கள். இருவரும் ஒரே பள்ளியில் ஒரே ஸஃப்பில் நிற்பவர்கள்.

இன்னொன்று. மினுங்கும் தண்ணீரெல்லாம் சுத்தமான தண்ணீர் என்று எண்ண வேண்டாம். உரமும் பண்ணைக் கழிவும் கூடினாலும் இந்த வகை உயிர்கள் திடீரெனப் பெருகலாம். அவற்றில் சில நஞ்சுள்ளவை. கண் எரிவு, தோல் கடி என்று பிள்ளைகள் சொன்னால் சும்மா விடாதீர்கள்.

மூடு என்று நாம் சொல்லவில்லை. ஒழுங்கு பண்ணுவோம் என்கிறோம். போட்டிலிருந்து பார்க்கட்டும், யாரும் இறங்க வேண்டாம். ஏறும் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட், அதுவும் உடம்பில். இறங்குதுறையில் ஒரு கொப்பி: யார் போனார்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்பினார்கள். மினுங்கும் இடத்துக்குக் கிட்டப் போனதும் எஞ்சினை நிறுத்தித் துடுப்புப் போடட்டும். வலை கட்டியிருக்கும் பக்கம் போக வேண்டாம், எந்தப் பக்கம் என்று மீனவர் சங்கம் சொல்லட்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை இரவு வேலைக்கு வேண்டவே வேண்டாம். தண்ணீர் மினுங்காத இரவில் காசைத் திருப்பிக் கொடுங்கள், அந்த நாணயம்தான் அடுத்த வருடம் ஆளைக் கொண்டுவரும்.

இதற்குப் பெரிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி நிர்வாகம், மீனவர் சங்கம், டூர் செய்யும் தம்பிமார், ஆசிரியர்கள் என்று நாலு தரப்பும் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தால் போதும். எங்கள் பங்குக்கு, போட்டில் போகும் பிள்ளைகளின் படிப்புக்குப் பின்னேர வகுப்பு வைக்கக் காசில்லாமல் நாங்கள் தயார்.

அந்த மாணவன் இப்போது இரவு வேலைக்குப் போவதில்லை. அவனுடைய இடத்துக்கு வேறொரு பிள்ளை போகிறான். அவன் யாருடைய பிள்ளை என்று இதை வாசிக்கும் உங்களில் ஒருவருக்குத் தெரியும். இன்றிரவு அவனை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.