205ஆம் இடத்துப் பிள்ளை

கணினியில் பனித்தள ஹாக்கிக் குழுவை நிருவகிக்கும் விளையாட்டில் மாணவர் சிலர் ஈடுபடுவதைப் பெற்றோர் கடிந்துகொள்கின்றனர். அளவோடு ஆடினால் அதில் பாடமும் உண்டு என்பதே என் கருத்து.

அவ்விளையாட்டில் கடினமான முடிவு ஒன்றுண்டு. அனுபவமிக்க கோல் காவலரைப் பிற குழுவிற்கு அளித்து, இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெறலாமா? இன்றைய வெற்றியா, நாளைய வளர்ச்சியா? கோல் காவலர்கள் பெரும்பாலும் தாமதமாகவே முதிர்ச்சி பெறுவர். ஆதலால், 18 வயதில் இடும் கணக்குப் பலமுறை பொய்த்துவிடுகிறது.

வட அமெரிக்காவின் என்.எச்.எல். போட்டியே இதற்குச் சான்று. 2000ஆம் ஆண்டுத் தேர்வில் ரிக் டிபியெட்ரோ என்னும் கோல் காவலர் முதலிடம் பெற்றார். காயங்கள் அவரை முடக்கின. அதே தேர்வில் 205ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட ஹென்ரிக் லுண்ட்குவிஸ்ட், 2012இல் சிறந்த கோல் காவலருக்கான வெசினா கிண்ணத்தை வென்றார். டுக்கா ராஸ்க்கை டொரொண்டோ குழு 2006இல், ஓர் ஆட்டத்திலும் இறக்காமலே, பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டது. அவரும் 2014இல் அதே கிண்ணத்தை வென்றார்.

தேர்ந்த வல்லுநர்களே 18 வயதில் தடுமாறும்போது, 12 வயதுப் பிள்ளையை நாம் எப்படி அளந்து முடிப்பது? யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. ஆனால், ‘கெட்டிக்காரன்’, ‘தேறாதவன்’ என்று முத்திரை குத்தும் பழக்கம் நம்மிடமிருந்து அகன்றதா?

கணினியில் ஆட்டத்தை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். வகுப்பறையில் அதற்கு வழியில்லை. பின்வரிசைப் பிள்ளைக்கும் காலம் கொடுப்போம், ஆசிரியர்களே, பெற்றோர்களே!