துப்பாக்கியை நோண்டாதீர்கள், பிள்ளையைப் பழக்குங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். ரைபிள் கிளப்புக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் கடைசி வரை படியுங்கள்.

.22 ரைபிளில் இலக்குச் சுடுதல் நல்ல விளையாட்டு. ஆனால் பிள்ளைக்கு இரண்டு போட்டியில் மதிப்பெண் இறங்கியதும் பெற்றோர் என்ன செய்கிறார்கள்? "வீட்டிலேயே துல்லியத்தைக் கூட்டலாம்" என்று செல்போனில் வீடியோ பார்க்கிறார்கள். ட்ரிகரைத் தேய்த்து இலகுவாக்க லேத் பட்டறை தேடுகிறார்கள். என்னிடம் படித்த ஒருவர், நகையை அடகு வைத்துப் புது பேரல் வாங்கட்டுமா என்று கேட்டார். அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: கூடாது.

முதலில் சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றவும் அதற்கென்று தனி உரிமம் வேண்டும். உங்களிடம் இருக்கும் உரிமம் அதற்குச் செல்லாது. லேத் பட்டறைக்காரருக்கும் செல்லாது. அடுத்து ஆபத்து. ட்ரிகரின் கொக்கியை அரம் போட்டுத் தேய்த்தால், போல்ட்டை மூடும்போதே வெடிக்கலாம். அப்போது குழல் யார் பக்கம் இருக்கும் என்று யோசித்தீர்களா?

இனி கணக்கு. 50 மீட்டர் இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டரை அதனால் வகுத்தால் ஏறக்குறைய 67. அதாவது முன் குறி 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டு 6.7 மில்லிமீட்டர் தள்ளி விழும். ஒரு தலைமுடிப் பருமன் அசைவிலேயே பத்து ஒன்பதாகிவிடலாம். அந்த அசைவு பேரலிலிருந்து வருகிறதா, பிள்ளையின் விரல், மூச்சு, முழங்கையிலிருந்து வருகிறதா?

ஊகம் வேண்டாம், சோதித்துப் பாருங்கள். கிளப்பில் பயிற்சியாளர் முன்னிலையில் துப்பாக்கியைக் கிடுக்கியில் பொருத்தி அசையாமல் பத்துக் குண்டு சுடச் சொல்லுங்கள். பத்தும் அந்த வட்டத்துக்குள் நெருங்கி விழுந்தால் துப்பாக்கிமேல் குற்றமில்லை. சிதறினால், முதலில் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று கிளப்பில் பார்க்கட்டும். பிறகு தோட்டாவை மாற்றிப் பாருங்கள். .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிவிளிம்புக்குள் இருப்பதால்தான் ரிம்ஃபயர் என்று பெயர். ஒரே கம்பெனி, ஒரே பெயர் என்றாலும் பெட்டியில் உள்ள லாட் எண் மாறினால் குண்டு விழும் நெருக்கமும் மாறும். இங்கிலாந்தின் ஈலி, பின்லாந்தின் லாபுவா கம்பெனிகள் வீரரின் துப்பாக்கியிலேயே பல லாட்களைச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதி வைத்திருக்கின்றன. காசு செலவழிக்க ஆசையாக இருந்தால் நல்ல லாட் ஒன்றைப் பார்த்து மொத்தமாக வாங்குங்கள்.

"பணக்கார வீட்டுப் பிள்ளைகள் விலை உயர்ந்த துப்பாக்கி வைத்திருக்கிறார்களே சார்?" என்று கேட்பீர்கள். சரி, கருவிக்கும் பங்கு உண்டு. ஓட்டைத் துப்பாக்கியில் யாரும் பதக்கம் வாங்க முடியாது. ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்றைப் பாருங்கள். கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை ஸ்வப்னில் குசாலே மண்டியிட்டுச் சுடும் கட்டத்தில் பின்தங்கியிருந்தார். நின்று சுடும் கட்டத்தில் மேலே ஏறி, 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வாங்கினார். இடையில் யாரும் பேரல் மாற்றித் தரவில்லை. நின்று சுடுவதுதான் மூன்றிலும் கடினம், அங்கே பேசுவது பயிற்சி மட்டும்தான்.

அப்படியானால் வீட்டில் செய்ய எதுவுமே இல்லையா? இருக்கிறது, அதற்குக் காசும் வேண்டாம். தோட்டா இல்லாமல் குறிபார்த்து ட்ரிகர் இழுக்கும் பயிற்சி. தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்க வேண்டும். சேம்பர் காலியா என்று இரண்டு பேர் பார்க்க வேண்டும். எதிரே கெட்டியான சுவர். யாரும் குறுக்கே வரக்கூடாது. வெறும் சேம்பரில் இழுத்தால் பல ரிம்ஃபயர் துப்பாக்கிகளில் ஊசி விளிம்பில் மோதிக் கெட்டுப்போகும். அதனால் என்ன போட்டுப் பழகலாம் என்று முதலில் பயிற்சியாளரைக் கேளுங்கள். தினமும் இருபது நிமிடம் போதும். ட்ரிகர் இழுபடும் நொடியில் முன் குறி எங்கே இருந்தது என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்லட்டும், நோட்டில் எழுதட்டும். இழுத்தபின் இரண்டு எண்ணும் வரை அசையக் கூடாது. ஒரு மாதம் கழித்து அந்த நோட்டையும் மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பக்கத்துத் தம்மம்பட்டியில் மரச்சிற்பம் செய்பவர்கள் உளியைத் தீட்டுவார்கள். ஆனால் பிள்ளைக்குக் கை படியவில்லை என்றால் உளியை மாற்றித் தரமாட்டார்கள், இன்னொரு கட்டையைக் கொடுத்து மறுபடி செதுக்கச் சொல்வார்கள். கையெழுத்து சரியில்லை என்றால் நான் உங்களுக்குப் புதுப் பேனாவா வாங்கித் தந்தேன்? இரட்டைக் கோடு நோட்டைத்தானே தந்தேன்!

நகை பீரோவிலேயே இருக்கட்டும். பிள்ளையைச் சுவர் முன்னால் நிறுத்துங்கள்.