பாணை விட்டால் நரம்பு நோவு போய்விடும் என்று வொய்ஸ் அனுப்புகிறவர்களுக்கு

பதிவு நீளமானது. நேரம் இல்லாதவர்கள் கடைசிக்கு முந்திய பந்தியை மட்டுமாவது வாசித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் மூன்று மாதமாக ஒரு வொய்ஸ் சுற்றுகிறது. "21 நாளைக்கு கோதுமை மாவ விடுங்க. பாண், ரொட்டி, பராட்டா ஒண்டும் வேணாம். கால் எரிவு, விறைப்பு, நரம்பு நோவு எல்லாம் தன்னால போகும். டொக்டர்மார் இதச் சொல்ல மாட்டாங்க, ஏனெண்டா அவங்கட யாவாரம் படுத்துரும்." கடைசியில் ஒரு தொலைபேசி இலக்கம். அதற்கு எடுத்தால் 4,500 ரூபாவுக்கு ஒரு பெட்டி கஞ்சி மா. அதாவது, டொக்டர்மாரின் வியாபாரத்தைப் பற்றிப் பேசுகிறவருக்கு வியாபாரம் இல்லையாம்.

சாதாரண தரத்தில் எனக்குக் கணிதம் படிப்பித்த சேர் ஒருவர் இதைக் கேட்டார். சேருக்கு பதினைந்து வருடமாகச் சீனி வருத்தம். இரவில் உள்ளங்கால் எரியும், பிறகு விறைக்கும். வொய்ஸைக் கேட்டதிலிருந்து பாணைத் தொடவில்லை. பெட்டியும் எடுத்தார். எரிவுக்குக் காரணம் குளுட்டன்தான் என்று நம்பியதால் கிளினிக் போவதையும் நிறுத்தினார், குளிசையையும் நிறுத்தினார். பாணுக்குப் பதிலாகக் காலையில் அரிசி மாப் பிட்டும் வாழைப்பழமும், இரவில் வயிறு நிறையச் சோறு. எல்லாம் குளுட்டன் இல்லாத சாப்பாடுதானே! குளுட்டன் இல்லாதது வேறு, சீனியைக் கூட்டாதது வேறு என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒருநாள் சுபஹுக்குப் பள்ளிக்குப் போன இடத்தில் செருப்பைத் துளைத்து ஆணி ஏறியிருக்கிறது. விறைத்த கால், தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, தரையில் இரத்தத்தைப் பார்த்துப் பேரப்பிள்ளை கத்திய பிறகுதான் தெரியும். நான் வார்டுக்குப் போய்ப் பார்த்தபோது இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். எனக்கு எண்கணிதம் சொல்லித் தந்த மனிதர், "எட்டு இருக்கு புள்ள, போதும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இதை வாசித்துவிட்டு, "டீச்சர் குளுட்டன் கதையே பொய் என்கிறா" என்று யாரும் கொமண்ட் போட வேண்டாம். பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

என் ராத்தாவுக்கு அது உண்மை. ஆறு வருடம் "காலுக்குள்ள மொளகாத்தூள் பூசின மாதிரி எரியுது" என்று சொல்லிச் சொல்லி, இரவில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு கிடந்தவ. சீனி பார்த்தார்கள், இல்லை. தைரொயிட் பார்த்தார்கள், இல்லை. "மனசுதான் காரணம், யோசிக்காதீங்க" என்றார் ஒருவர். ராத்தாவுக்கு இன்னொரு விஷயமும் இருந்தது. எவ்வளவு இரும்புச்சத்துக் குளிசை போட்டாலும் இரத்தம் ஏறாது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர் ஒரு இளம் டொக்டர். சீலியக் நோயா என்று பார்க்க இரத்தப் பரிசோதனை எழுதினார். அவருக்கு மேலே இருந்தவர் சிரித்தாராம்: "அது வெள்ளைக்காரர்ர வருத்தம், நம்மட ஆக்களுக்கு எங்க?"

அந்தச் சிரிப்புக்கும் இந்த இடத்திலேயே பதில் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்குச் சீலியக் நோய் இருக்கிறது. பஞ்சாப் பக்கம் அது புதினமான வருத்தம் இல்லை. இதுவரை பதிவான மிகக் கூடிய விகிதங்களில் ஒன்று ஐரோப்பாவில் இல்லை, மேற்குச் சஹாராவின் சஹ்ராவிப் பிள்ளைகளிடம்: 100 பேரில் ஐந்துக்கும் மேல். பாலைவனத்து முஸ்லிம்கள், வெள்ளைக்காரர் இல்லை. சோறு தின்கிற நம்மிடம் குறைவாக இருக்கலாம். குறைவு வேறு, இல்லை என்பது வேறு.

ராத்தாவின் ரிப்போர்ட் வந்தது. பிறபொருளெதிரி எக்கச்சக்கம். எண்டொஸ்கொபி செய்து சிறுகுடலில் எடுத்த துண்டிலும் உறுதியானது.

குளுட்டன் என்றால் என்ன என்று நான் தரம் பத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவது இப்படி: கோதுமை மாவைப் பிசைந்து உருண்டையாக்கி, தண்ணீரில் பிடித்துக் கழுவக் கழுவ வெள்ளை மாப்பொருள் கரைந்து போகும். கடைசியில் கையில் ரப்பர் மாதிரி ஒன்று மிஞ்சும். பராட்டாவை வீசி இழுக்க முடிவது அதனால்தான். கோதுமையில் இருக்கிற இந்தப் புரதமும், பார்லியிலும் ரை தானியத்திலும் இருக்கிற அதன் சொந்தக்காரப் புரதங்களும் சிலருடைய உடம்பில் மட்டும் எதிர்ப்பைக் கிளப்பிவிடுகின்றன. அந்த எதிர்ப்பு சிறுகுடலைத் தின்கிறது. சிலரில் நரம்பையும் விடுவதில்லை. குடல் பழுதானால் பி12 போன்ற விற்றமின்கள் உடம்பில் சேராது, அதனாலும் நரம்பு கெடும். வயிற்றில் ஒரு குறையும் இல்லாமல் நரம்பில் மட்டும் வருத்தம் காட்டுகிறவர்களும் உண்டு.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாஜிவசிலியு என்ற நரம்பியல் வைத்தியர் 1996இலிருந்து இதைத்தான் எழுதிக்கொண்டு வருகிறார். அவருடைய குழு 2018இல் இப்படிப்பட்ட 60 நோயாளிகளைப் பற்றி எழுதியது. 33 பேருக்கு நரம்பு நோவு இருந்தது. நோவு இல்லாதவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் குளுட்டனைக் கண்டிப்பாக விட்டவர்கள். நோவு இருந்தவர்களில் அப்படி விட்டவர்கள் ஐந்தில் ஒருவர்தான். வொய்ஸ் அனுப்புகிறவர்கள் இதைத்தான் ஆதாரம் என்று காட்டுகிறார்கள். ஆனால் அந்த 60 பேர் யார்? பரிசோதித்து, குளுட்டனுக்கு எதிரான பிறபொருளெதிரி இருக்கிறது என்று கண்டு, வேறு காரணம் இல்லை என்று பார்த்தவர்கள். கால் எரிகிறவர்கள் எல்லாரையும் பிடித்து எடுத்த கணக்கு இல்லை. அந்த 60 பேரின் கணக்கை சேரின் காலுக்குப் போட்டவர் கணக்குத் தெரியாதவர், அல்லது நன்றாகத் தெரிந்தவர்.

நம் நாட்டில் கால் எரிவுக்கு முதல் காரணம் சீனி வருத்தம். அதற்குக் கொடுக்கிற மெட்போமின் குளிசையை வருடக்கணக்காகப் போட்டால் பி12 குறையலாம், அதுவும் ஒரு காரணம். தைரொயிட், சிறுநீரகம், சில மருந்துகள் என்று இன்னும் இருக்கின்றன. தொழுநோய் கூட நம் நாட்டை விட்டு இன்னும் போகவில்லை. தோலில் உணர்ச்சியில்லாத ஒரு வெளிறிய தேமலோடு வருகிறவரிடம் பாணை விடச் சொல்லி 21 நாள் வீணாக்குவது எவ்வளவு பெரிய பாவம்!

இனி அந்த 4,500 ரூபாப் பெட்டி. வாங்கிப் பார்த்தேன். முன்னால் பெரிய எழுத்தில் குளுட்டன் இல்லை என்று இருக்கிறது. பின்னால் சின்ன எழுத்தில் முதல் பொருள் பார்லி! தல்பீனா சுன்னத்தான கஞ்சி, அதை யாரும் குறை சொல்ல முடியாது. எங்கள் உம்மா இன்றைக்கும் குடிக்கிறா. ஆனால் பார்லியில் குளுட்டன் இருக்கிறது. என் ராத்தாவுக்கு அது நஞ்சு. சுன்னத்தின் பெயரைப் போட்டு, நோயாளிக்கு ஆகாததையே நோய்க்கு மருந்து என்று விற்கிறவரிடம் நான் மார்க்கம் படிக்க வேண்டுமா?

ராத்தா கோதுமையை விட்டு இரண்டாவது நோன்பு வரும்போதுதான் ஈரத்துணி இல்லாமல் தூங்கினா. 21 நாளில் இல்லை, ஒரு வருடத்துக்கு மேல். அதோடு பி12 ஊசியும் இரும்புச்சத்தும் போட்டார்கள், ஆகவே எல்லாப் புகழையும் சாப்பாட்டுக்கே கொடுக்க நான் தயாரில்லை. பெருவிரல்களின் விறைப்பு இன்னும் இருக்கிறது. அது போகாமலும் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நாலாம் மாதம் ஒரு கலியாண வீட்டில் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு அடுத்த கிழமை முழுக்க அழுதா.

"பாணத்தானே விடணும், அதுல என்ன கஷ்டம்" என்று கேட்கிறவர்கள் எங்கள் குசினிக்கு ஒருநாள் வாருங்கள். கடை இடியப்பத்தில் கோதுமை மா கலந்திருக்கும். பெருங்காயத்தூளில் கோதுமை மா. சோயா சோஸில் கோதுமை. மில்லில் எங்கள் குரக்கனுக்கு முதல் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள், அதனால் வீட்டிலேயே அரைக்கிறோம். கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, டெவில் கோழிக்கு சோஸ் போட்டதா என்று ராத்தா கேட்டால், முன்பு பாவம் பார்த்தவர்கள் இப்போது கண்ணடித்துச் சிரிக்கிறார்கள். "ஓ, நீங்களும் அந்த 21 நாள் டயட்டா? ஒரு வாய்க்கு ஒண்டும் ஆகாது மச்சி, தின்னுங்க." வொய்ஸ்காரர் சேரின் காலை மட்டுமா கெடுத்தார்? உண்மையான நோயாளியின் பேச்சையும் பகிடியாக்கிவிட்டார்.

கால் எரிகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். முதலில் சீனியும் பி12உம் தைரொயிட்டும் பாருங்கள். அதில் ஒன்றும் அகப்படாவிட்டால், அல்லது இரத்தக் குறைவு, தீராத வயிற்றோட்டம், குடும்பத்தில் யாருக்காவது சீலியக் என்று ஏதாவது இருந்தால், அந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். வெட்கப்படாமல் பெயர் சொல்லிக் கேளுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும். ஆனால் பரிசோதிக்கும் வரை கோதுமையை விடாதீர்கள். விட்டுவிட்டுப் போனால் பிறபொருளெதிரி இறங்கிவிடும், நோய் இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரும். பிறகு உறுதிப்படுத்த ஆறு கிழமைக்காவது தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்டுவிட்டுத்தான் மறுபடி பார்க்க வேண்டும், அதற்குள் நோவு திரும்பி வரும். யார் சொன்னாலும் சீனிக் குளிசையை டொக்டரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள். கண்ணாலும் கையாலும் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள்.

சேரின் காலுக்கு இன்னும் ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறார்கள். அந்த இலக்கத்துக்கு எடுத்து விஷயத்தைச் சொன்னேன். "அவர் முழுசா ஃபொலோ பண்ணியிருக்க மாட்டார் டீச்சர்" என்று பதில் வந்தது. நேற்று இரவு என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் உம்மா அதே வொய்ஸை எனக்கே அனுப்பியிருக்கிறா: "டீச்சர், உங்கட ராத்தாவுக்கும் கேக்கக் குடுங்க."